குதிர் முதல் டப்பா வரை

சரித்திரம் என்றால் ராஜாக்கள், சண்டைகள், கோட்டைகள் என்றே பள்ளிக்கூடத்தில் படித்தோம். சாப்பாட்டு அரிசி எதில் இருந்தது, எத்தனை நாள் தாங்கியது என்று எந்தப் பாடத்திலும் வரவில்லை. ஆனால் மனுஷன் உயிர் பிழைத்த கதையில் பாதி அந்தப் பானைக்குள்தான் இருக்கிறது. நான் 33 வருஷம் அரசாங்கத்தின் தானியக் கிடங்குகளில் வேலை பார்த்தவன். மூட்டையைக் குத்தி நாலு மணி எடுத்துப் பல்லில் கடித்து ஈரம் பார்ப்பதும், வண்டு விழுந்ததா என்று சல்லடையில் சலிப்பதுமாக ஆயுள் போயிற்று. அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் போவது அடுக்களை அலமாரிக்குத்தான்.

ஒரு வீட்டின் மிகப் பெரிய பாத்திரம் எது என்று சொன்னால் போதும். அந்த வீட்டுக்குத் தானியம் வருஷத்துக்கு ஒரு முறை வந்ததா, மாசத்துக்கு ஒரு முறை வந்ததா, அன்றாடம் வந்ததா என்று சொல்லிவிடலாம். குதிர் இருந்தால் வருஷம். டின் இருந்தால் மாசம். கலயம் மட்டும் இருந்தால் அன்றாடம். நம் தஞ்சாவூர் ஜில்லாவின் நூறு வருஷக் கதையை இந்த மூன்று சொல்லில் அடக்கிவிடலாம் என்பது என் எண்ணம்.

மண்ணுக்குள் கிடைத்த நெல்

பழனிக்குப் பக்கத்தில் பொருந்தல் என்று ஓர் ஊர். 2009, 2010-ஆம் ஆண்டுகளில் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் அங்கே அகழாய்வு நடந்தது. ஓர் ஈமக்குழியில் நாலு கால் வைத்த மண்ஜாடி கிடைத்தது. அதற்குள் ஏறத்தாழ 2 கிலோ நெல். அந்த நெல்மணியைப் பரிசோதித்து கி.மு. 490 என்று காலம் கண்டார்கள். ஏறக்குறைய 2,500 வருஷத்துக்கு முந்தைய நெல். செத்தவருக்கும் வழியில் பசிக்கும் என்று ஜாடியில் போட்டு வைத்த அந்தக் கையை நினைத்துப் பாருங்கள். வாய் குறுகிய மண்ஜாடிக்குள் வைத்தால் நெல் கெடாது என்று அவர்களுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் அவ்வளவு தூரம் போக வேண்டாம். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகிற வழியில் பாபநாசத்தில் இறங்கி, திருப்பாலைத்துறைக் கோயிலுக்குப் போங்கள். பாலைவனநாதர் கோயில் வளாகத்தில் செங்கல்லில் கட்டிய வட்டமான களஞ்சியம் ஒன்று இருக்கிறது. நாயக்கர் காலத்தது, 17-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கட்டியது. 36 அடி உயரம், 3,000 கலம் நெல் கொள்ளும் என்பது கணக்கு. கூரை கூம்பி வருவதால் மழைத் தண்ணீர் நிற்காமல் வழிந்துவிடும். ஸ்ரீரங்கத்திலும் கோயிலுக்குள்ளேயே நெல் கொட்டி வைக்கும் கொட்டாரங்கள் உண்டு. சாமிக்கு நைவேத்தியம், கோயில் வேலைக்காரர்களுக்குப் படி, எல்லாம் அந்த நெல்லில்தான்.

கலம் என்றதும் இளையவர்கள் விழிப்பார்கள். நம் பக்கத்துக் கணக்கில் 12 மரக்கால் ஒரு கலம், 2 கலம் ஒரு மூட்டை. மரக்காலுக்கு எத்தனை படி என்பது ஊருக்கு ஊர் மாறும். அந்த மாற்றத்தில்தான் எத்தனையோ பேர் வயிறு காய்ந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பத்தாயமும் குதிரும்

நிலம் இருந்த வீடுகளில் தை அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வரும். அதை வைக்க இரண்டு ஏற்பாடு. பெரிய மிராசுதார் வீட்டில் பத்தாயம். மரப்பலகையில் அறை மாதிரி செய்து, கால் வைத்துத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தியிருப்பார்கள். அதற்குப் பூட்டும் சாவியும் உண்டு. நடுத்தரக் குடும்பத்தில் குதிர். களிமண்ணையும் வைக்கோலையும் சேர்த்து மிதித்து, உறை உறையாகச் செய்து காயவைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, இடைவெளியை மண்ணாலும் சாணத்தாலும் பூசிவிடுவார்கள். மேலே மூடி. கீழே கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதைத் துணியால் அடைத்திருப்பார்கள்.

கடன்காரன் வாசலில் வந்து நிற்க, "எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்று பிள்ளை சொன்ன பழமொழி நம் எல்லோருக்கும் தெரியும். ஓர் ஆள் ஒளிந்துகொள்ளும் அளவுக்குக் குதிர் பெரியது என்பதும், கடன்காரன் வந்த அன்றைக்கு அந்தக் குதிரில் நெல் இல்லை என்பதும் அதற்குள் இருக்கிறது. இரண்டாவதை நாம் சிரித்துக்கொண்டே விட்டுவிடுகிறோம்.

எங்கள் வீட்டில் குதிர்தான். அப்பாயி அதை விரலால் தட்டிப் பார்ப்பாள். நெல் இருக்கும் இடத்தில் சத்தம் மந்தமாக வரும். அதற்கு மேலே தட்டினால் சத்தம் மாறும். "எந்த உறை வரைக்கும் இருக்கு பாருடா" என்று என்னையும் தட்டச் சொல்வாள். ஐந்தாவது உறை என்றால் ஆவணி தாண்டும், மூன்றாவது என்றால் புரட்டாசிக்கே இழுபறி என்று ஒரு கணக்கு அவளிடம் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அவளுடைய இருப்புப் பதிவேடு அதுதான்.

அரிசியாக வைக்காமல் நெல்லாகவே வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. நெல்லின் உமி இயற்கையே போட்ட மூடி. குத்தி அரிசியாக்கிவிட்டால் தவிட்டில் உள்ள எண்ணெய் காற்றுப் பட்டுச் சிக்கு வாடை எடுக்கும், வண்டும் சீக்கிரம் ஏறும். அதனால் ஒரு வாரத்துக்கோ பத்து நாளைக்கோ தேவையானதை மட்டும் எடுத்து அவித்து, காயவைத்து, குத்துவார்கள். விதை நெல்லுக்கு மட்டும் தனி மரியாதை. வைக்கோல் பிரியால் சுற்றிக் கோட்டை கட்டி, மேலே சாணம் மெழுகி, உயரத்தில் வைத்துவிடுவார்கள். எவ்வளவு பசித்தாலும் அதில் கை வைக்கக் கூடாது.

குதிரில் இன்னொரு சூட்சுமம். கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அதன் அருமை எனக்குப் புரிந்தது. மேலே கொட்டுகிறோம், கீழே எடுக்கிறோம். அப்படியானால் பழைய நெல்தான் முதலில் வெளியே வரும். கிடங்கில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமும் அதுதான்: முதலில் வந்த சரக்கு முதலில் போக வேண்டும். அதற்காக அடுக்குக்கு அடுக்கு அட்டை தொங்கவிட்டுத் தேதி எழுதுவோம். குதிர் செய்த குயவருக்கு அட்டையும் வேண்டியிருக்கவில்லை, தேதியும் வேண்டியிருக்கவில்லை. குதிரின் அமைப்பே அந்த வேலையைச் செய்துவிட்டது.

கலயம் மட்டும் இருந்த வீடு

இதுவரை சொன்னதெல்லாம் நிலம் இருந்தவர்கள் கதை. அறுவடை செய்த கைகளின் வீட்டில் குதிர் இல்லை. கூலி களத்திலேயே நெல்லாக அளக்கப்பட்டது. அது முந்தானையிலோ கூடையிலோ வீட்டுக்குப் போய், அன்றைக்கே குத்தி, அன்றைக்கே உலைக்குப் போகும். மிச்சம் இருந்தால் ஒரு கலயம் நிறையும். அறுவடைக் காலத்தில் இரண்டு மூன்று கலயம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கலயம் காலி. நடவும் களையெடுப்பும் முடிந்து வேலை இருக்காது, அடுத்த அறுவடை தையில்தான். வாய்க்காலில் நண்டும் நத்தையும் வயல்வரப்பில் கீரையும்தான் அந்த மூன்று மாசச் சாப்பாடு. இல்லாவிட்டால் பண்ணையாரிடம் கடன் நெல். தையில் வட்டி சேர்த்து அளக்க வேண்டும். ஆகத் தையில் கலயம் நிறைவதற்கு முன்பே பாதி கைமாறிவிடும்.

மரக்கால் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு சுவாமிமலைக்கு அருகில் ஆதனூர்ப் பெருமாளே சாட்சி. ஆண்டளக்கும் ஐயன் என்று பெயர். மரக்காலைத் தலைக்கு வைத்துக்கொண்டு, கையில் ஏடும் எழுத்தாணியுமாகச் சயனித்திருக்கிறார். திருமங்கையாழ்வாரின் கோயில் திருப்பணி ஆட்களுக்குப் பெருமாளே வணிகராக வந்து கூலி அளந்தார் என்பது தலபுராணம். உழைத்தவனுக்கு நெல், ஏய்த்தவனுக்கு மணல். கூலியைச் சரியாக அளக்க சாமியே இறங்கி வர வேண்டியிருந்தது என்றால், மனுஷர்கள் அளந்த லட்சணத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

1960-களில் நம் ஜில்லாவில் நடந்த கூலிப் போராட்டங்கள் ரூபாய்க்காக அல்ல. களத்தில் அளக்கும் நெல்லில் இன்னும் அரைப்படி வேண்டும் என்பதற்காக. அந்தத் தகராறின் உச்சமாகத்தான் 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைபட்டு 44 பேர் எரிந்து போனார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். செய்தி வந்த அன்று எங்கள் தெருவில் யாரும் உரக்கப் பேசவில்லை. அரைப்படி நெல் என்றால் ஒரு சின்ன டப்பாவில் அடங்கிவிடும். இன்றைக்கு நம் அலமாரியில் எண்ணெய் பிசுக்கோடு ஒதுக்குப்புறமாகக் கிடக்கிறதே, அந்த அளவு டப்பாவில்.

அடுக்களை ராஜ்யம்

பத்தாயச் சாவி ஆம்பளைகள் இடுப்பில் இருந்தது. ஆனால் நெல் அரிசியாகி அடுக்களைக்குள் வந்துவிட்டால் ஆட்சி மாறிவிடும். அங்கே பெண்கள் வைத்ததுதான் சட்டம்.

அடுக்குப்பானையை நினைவிருக்கிறதா? அடியில் பெரிய பானை, அதன் மேல் சின்னது, அதன் மேல் அதைவிடச் சின்னது. அடிப்பானையில் உப்பு அல்லது புளி, மேலே பருப்பு, அதற்கும் மேலே எப்போதாவது எடுக்கும் சாமான். தரையில் ஓர் அடி இடத்தில் ஆள் உயரத்துக்குச் சாமான் வைக்க அதைவிடச் சிறந்த வழி இன்றைய மாடுலர் கிச்சனிலும் கிடையாது. பாலுக்கும் தயிருக்கும் வெண்ணெய்க்கும் உறி. பூனையும் எறும்பும் எட்டாது, காற்றோட்டமும் உண்டு.

எதை எதில் வைப்பது என்பதில் அவர்களுக்கு இரசாயனம் தெரிந்திருந்தது. ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடி, மீந்த குழம்புக்குக் கற்சட்டி. புளிப்பும் உப்பும் பித்தளையில் பட்டால் களிம்பு ஏறும், அது விஷம். அதனால்தான் சமைக்கிற பித்தளைக்கு உள்ளே ஈயம் பூச வேண்டும். துருத்தியும் கரியுமாகத் தெருமுனையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரப் பொடியைத் தூவி, வெள்ளீயத்தைத் தொட்டுப் பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றினால் உள்பக்கம் கண்ணாடி போல் ஆகிவிடும். அந்தப் புகை வாடை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது.

சித்திரை வைகாசி வெயில்தான் அவர்களுடைய குளிர்பதனப் பெட்டி. புளியைக் கொட்டை எடுத்து, உப்புப் போட்டு உருட்டிப் பானையில் அமுக்குவார்கள். மிளகாயை மொறமொறவென்று காயவைப்பார்கள். துவரையைச் செம்மண் கரைசலில் புரட்டிக் காயவைத்து உடைப்பார்கள். செம்மண் கட்டிய துவரைக்கு வண்டு எளிதில் வராது. பயறுக்கு விளக்கெண்ணெய் தடவுவார்கள். அரிசிப்பானையில் வசம்போ வேப்பிலையோ கிடக்கும். இதை எல்லாம் கிடங்கில் நாங்கள் மருந்து வைத்துச் செய்தோம். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஈரத்தை வெளியேற்று, பூச்சியை உள்ளே விடாதே.

இந்த ராஜ்யத்தின் கஜானா அஞ்சறைப்பெட்டி. கடுகு, சீரகம், வெந்தயம், மிளகு, உளுத்தம்பருப்பு. பலாமரத்திலோ தேக்கிலோ செய்து, மூடி நகர்த்தித் திறக்கும் மாதிரி இருக்கும். காய்ச்சல், வயிற்றுவலி என்றால் வைத்தியர் வருவதற்கு முன் அந்தப் பெட்டிதான் திறக்கும். அதில் ஓர் அறையில் கடுகுக்கு அடியில் காசும் இருக்கும். அந்தக் காசுக்கு சிறுவாடு என்று பெயர்.

பிடியரிசியையும் சொல்ல வேண்டும். உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவாள் அப்பாயி. சமையலில் அந்தக் குறை தெரியாது. மாசக் கடைசியில் அது சில படி அரிசியாக நிற்கும். அதில் கொஞ்சம் கோயிலுக்கு, கொஞ்சம் அவசரத்துக்கு. மார்கழி மாசத்தில் கொல்லைப்பக்கம் வந்து குரல் கொடுக்கிறவர்களுக்கும் அதிலிருந்துதான் போகும். தாத்தாவின் பத்தாயக் கணக்கில் வராத அரிசி அது. கலயத்துக்கும் குதிருக்கும் நடுவே இருந்த ஒரே பாலம் அந்தப் பானைதான். அது போதுமானதாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

டின் வந்த காலம்

1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தான். ரங்கூனிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. 1943-ல் சென்னைப் பட்டணத்தில் ரேஷன் வந்தது. நெல் விளையும் நம் பக்கத்தில் சர்க்கார் கொள்முதல். குடும்பத்துக்குப் போக மீதியைக் கொடுத்துவிட வேண்டும் என்று அதிகாரிகள் வந்து பத்தாயத்தைத் திறந்து பார்த்த கதையை அப்பாயி சொல்லக் கேட்டிருக்கிறேன். அதுவரை ஒரு வீட்டின் பெருமையாக இருந்த பெரிய பாத்திரம், முதன்முறையாக மறைக்க வேண்டிய பொருளாயிற்று. 1952 ஜூனில் ராஜாஜி அரிசிக் கட்டுப்பாட்டை எடுத்தார். 1960-களின் நடுவில் மழை பொய்த்து மறுபடி தட்டுப்பாடு. அமெரிக்கக் கோதுமையை என்ன செய்வது என்று தெரியாமல் தோசையாக வார்த்து, பசையாக வந்து, பிள்ளைகள் அழுததெல்லாம் அப்போதுதான்.

இந்தக் காலத்தில் வீட்டுக்குள் வந்தது தகர டின். மண்ணெண்ணெய் வந்த சதுர டின் 4 காலன், அதாவது 18 லிட்டர். தகர வேலைக்காரரிடம் கொடுத்தால் மேல்பக்கத்தை வெட்டி, கீல் வைத்த மூடி பற்றவைத்துத் தருவார். வாடை போகச் சீயக்காய் போட்டுத் தேய்த்து, நாலு நாள் வெயிலில் வைத்தால் ஏறத்தாழ 14, 15 கிலோ அரிசி கொள்ளும் பெட்டி தயார். 1937-லிருந்து நம் நாட்டில் விற்ற டால்டாவின் மஞ்சள் டின் அதற்குத் தம்பி. பனைமரப் படம் போட்ட அந்த டின்னில் பருப்பு, வெல்லம், முறுக்கு என்று வைக்காத சாமான் கிடையாது. கடைசியில் ஓட்டை விழுந்தால் துளசிச் செடிக்கு.

1967 தேர்தலில் அண்ணா சொன்ன வாசகம் என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடம்: ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம். எடை, அளவு எல்லாம் மெட்ரிக் முறைக்கு மாற வேண்டும் என்று 1962 ஏப்ரலிலேயே கட்டாயமாகிவிட்டது. கடையில் கிலோ வந்துவிட்டது, ஆனால் ஜனங்களின் வயிறு படியில்தான் கணக்குப் போட்டது. ஆட்சியே மாறிற்று. 1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. ஊர் ஊராக ரேஷன் கடை. 2008-ல் கிலோ 1 ரூபாய், 2011 ஜூனிலிருந்து இலவசம், அட்டைக்கு மாசம் 20 கிலோ வரை.

இதன் அர்த்தம் என்ன? அன்றாடம் கலயத்தில் வாழ்ந்த குடும்பத்துக்கு முதன்முறையாக மாசக் கணக்கு வந்தது. அறுவடையையும் பண்ணையாரையும் நம்பாமல், மாசத்தில் ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு போனால் அரிசி உண்டு. வேலை நிமித்தமாகக் கிராமங்களுக்குப் போகும்போது குடிசைகளில் கவனித்திருக்கிறேன். மூலையில் மூடி போட்ட ஒரு தகர டிரம். அதைப் பெரிய பெருமையோடு துடைத்து, மேலே ஒரு துணி போட்டு வைத்திருப்பார்கள். கார்த்திகை மாசத்திலும் அதில் அரிசி இருந்தது. ரேஷன் அரிசியின் தரத்தைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம், சொல்லியும் இருக்கிறோம். ஆனால் கார்த்திகையில் கலயம் காலியாக இருந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த டிரம்மின் மதிப்பு தெரியும்.

எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும்

1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழாய்க்கு நல்ல இரும்பு தேடியபோது, குரோமியம் சேர்த்த இரும்பு துருப்பிடிப்பதில்லை என்று கண்டார். அது நம் ஊருக்கு எவர்சில்வர் என்ற அழகான பெயரோடு வந்தது. ஈயம் பூச வேண்டாம், புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், களிம்பு பயம் இல்லை. பித்தளைக்குப் பேர்போன கும்பகோணத்துப் பாத்திரக் கடைகளிலேயே வாசலில் எவர்சில்வர் வந்து, பித்தளை உள்ளே போயிற்று. பழைய துணியும் ஜரிகைப் புடவையும் வாங்கிக்கொண்டு பாத்திரம் கொடுக்கும் தெரு வியாபாரியிடம் பேரம் பேசாத வீடு எது? 1970-ல் சேலத்தில் உருக்காலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1980-களில் அங்கிருந்து தகடு வர ஆரம்பித்த பிறகு எவர்சில்வர் சாதாரண வீட்டுக்கும் எட்டியது.

அதில் பெயர் வெட்டும் பழக்கம்தான் எனக்கு மிகவும் பிடிக்கும். சின்ன மெஷினை வைத்துப் புள்ளி புள்ளியாக யார் கொடுத்தது, யாருக்கு, எந்தத் தேதி என்று பொறித்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் 1974-ல் வெட்டிய ஒரு சம்படம் இருக்கிறது. கொடுத்தவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை, கடலைப்பருப்பு மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. கோயிலுக்குக் கல்வெட்டு மாதிரி குடும்பத்துக்கு அது.

அதன் பிறகு எல்லாம் வேகம். ஹார்லிக்ஸ் கண்ணாடி பாட்டில் காலியானதும் கடுகுக்கும் மிளகுக்கும் வரிசை வரிசையாக நின்றது. உள்ளே என்ன இருக்கிறது என்று திறக்காமலே தெரிந்தது பெண்களுக்குப் பெரிய சௌகரியம். 1958-ல் கோத்ரெஜ் நம் நாட்டில் ஃபிரிட்ஜ் செய்ய ஆரம்பித்தது. நம் தெருவுக்கு வர இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. வந்ததும் உறி பரணுக்குப் போனது. பிறகு பிளாஸ்டிக். 1996-ல் டப்பர்வேர் இந்தியாவுக்கு வந்து, கடை இல்லாமல் பெண்களே பெண்களுக்கு வீட்டில் கூடி விற்றார்கள். அமுக்கினால் காற்றுப் போகாத மூடி, ஒன்றின் மேல் ஒன்று உட்காரும் அடுக்கு. அடுக்குப்பானைதான் கலர் மாறி வந்தது என்று என் மனைவி அப்போதே சொன்னாள்.

சிறுவாடு வெளியே வந்த நாள்

2016 நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டுச் செல்லாது என்று அறிவித்தார்கள். மறுநாள் காலை ஊரில் எத்தனை பருப்பு டப்பா கவிழ்க்கப்பட்டது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. துவரம்பருப்புக்கு அடியிலிருந்து, அரிசி டின்னுக்குள்ளிருந்து, பழைய டால்டா டின்னிலிருந்து பெண்கள் நோட்டை எடுத்தார்கள். பத்து வருஷம், இருபது வருஷம் சேர்த்தது. கணவருக்குத் தெரியாது, பிள்ளைக்குத் தெரியாது. வங்கி வரிசையில் எனக்கு முன்னால் நின்ற எழுபது வயது அம்மா ஒருவரின் நோட்டில் மஞ்சள் வாசனை அடித்தது. கூட வந்த மகன், "எதுக்கும்மா எங்ககிட்ட மறைச்சே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த அம்மா பதில் சொல்லவில்லை.

அந்தக் காசு ஏமாற்றுவதற்காகச் சேர்த்ததல்ல. பேத்திக்குக் காது குத்த, தனக்குக் கண் ஆபரேஷனுக்கு, யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்க. பத்தாயத்துக்குத் தாத்தாவிடம் சாவி இருந்தது, நிலத்துக்குப் பட்டா அவர் பெயரில் இருந்தது. அப்பாயிக்கு என்று இருந்தது டப்பாவின் அடிப்பாகம் மட்டும். அதையும் ஒரே ராத்திரியில் திறந்து காட்ட வேண்டியதாயிற்று.

இப்போது

டப்பாக்கள் பெருகிவிட்டன. எங்கள் வீட்டில் எண்ணிப் பார்த்தேன், 43. ஆனால் எல்லாவற்றையும் கவிழ்த்தாலும் அப்பாயியின் குதிரில் ஓர் உறை நிரம்பாது. போனைத் தட்டினால் அரைமணியில் கால் கிலோ உளுந்து வாசலுக்கு வருகிறது. வருஷம், மாசம் போய், வசதியானவர்களே அன்றாடத்துக்கு வந்துவிட்டார்கள். வித்தியாசம், பை நிறையக் காசு இருக்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அந்த வித்தியாசம் ஒரு வாரத்துக்கு மறைந்தது. கடை மூடியிருந்தால் காசைச் சமைக்க முடியாது. எங்கள் தெருவில் அந்த வாரம் நிம்மதியாக இருந்தவர்கள் ரேஷன் அரிசியை டிரம்மில் வைத்திருந்த வீட்டுக்காரர்கள்.

கிடங்குக்காரன் என்ற முறையில் என் வயதுக்காரர்களுக்கு நாலு வார்த்தை. இருக்கிற அரிசியின் மேல் புதுசைக் கொட்டாதீர்கள். பழசை வேறு பாத்திரத்துக்கு எடுத்துவிட்டு, புதுசைப் போட்டு, பழசை மேலே போடுங்கள். குதிர் தானாகச் செய்ததை நாம் கையால் செய்ய வேண்டும், அவ்வளவுதான். கழுவிய டப்பாவை ஒரு நாள் முழுக்க வெயிலில் வைத்த பிறகே சாமான் போடுங்கள். வண்டு வருவதற்குப் பாதிக் காரணம் அடியில் ஒட்டிய ஈரமும் பழைய மாவும். பிள்ளைகள் வெளியூர் போய் இருவராகவோ ஒருவராகவோ ஆகிவிட்ட வீட்டில் பெரிய சம்படம் வேண்டாம். பாதி காலியாக நிற்கும் டப்பாவில் காற்று அதிகம், சாமான் சீக்கிரம் கெடும். சின்ன டப்பாவுக்கு மாறுவதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஒரு மாசத்து அரிசியும் பருப்பும் மட்டும் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

எங்கள் குதிரை 1980-களில் வீட்டை இடித்துக் கட்டியபோது உடைத்தார்கள். உறைகளைக் கொத்தனார் உடைத்துத் தரைக்கு அடியிலேயே போட்டு மெத்தினார். களிமண்ணும் வைக்கோலும்தானே, மண்ணோடு மண்ணாகப் போயிற்று. அடி உறையைப் புரட்டியபோது மூலையில் ஒரு பிடி நெல் ஒட்டிக்கொண்டிருந்தது. என் அம்மா அதை முறத்தில் வாரிப் புடைத்து, பதரைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை அரிசி டின்னில் போட்டாள்.